ஃபர்ம்வேர் ஏத்தப் போய் ரவுட்டர் செத்துப்போச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுல பெரும்பாலும் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என், ஆர்ச்சர் சி7 இந்த ரெண்டையும் வச்சுத்தான் சொல்லியிருக்கேன். நம்ம பக்கம் பழைய ரவுட்டர்னு அலமாரியில தேடினா கைல சிக்குறது 841என், ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டரை இயக்குற சாஃப்ட்வேரான ஃபர்ம்வேர், கம்பெனியோடதுக்குப் பதிலா போடுற இலவசமானது) போடணும்னு ஆசைப்பட்டு வாங்கினவங்க பல பேர்கிட்ட இருக்குறது சி7. மத்த கம்பெனிக்கும் லாஜிக் இதேதான், ஐபி நம்பரும் பட்டன் அமுக்குற விதமும் மாறும், அதுக்கும் கீழ ஒரு கேள்வி இருக்கு.

அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போயிடுச்சு. இப்போ பவர் லைட் மட்டும் எரியுது. அவ்ளோதானா?

பெரும்பாலும் இல்ல. ரவுட்டர்ல ஃப்ளாஷ் சிப் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) ஒண்ணுதான், ஆனா அதை பகுதி பகுதியா பிரிச்சு வச்சிருப்பாங்க. முதல்ல பூட்லோடர், அதாவது பவர் வந்ததும் முதல்ல ஓடி மத்ததை எழுப்புற குட்டி ப்ரோக்ராம் (டிபி-லிங்க்ல யூ-பூட், பழைய பிராட்காம் சிப் பெட்டிகள்ல சிஎஃப்இ), அப்புறம் கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி), ரூட் ஃபைல் சிஸ்டம் (மத்த ப்ரோக்ராம் ஃபைல்கள்), உங்க செட்டிங்ஸ், கடைசியில வைஃபை காலிப்ரேஷன் (ரேடியோவோட அளவுகள்). பழைய 841என்ல மொத்தமே 4 எம்பி, அதுல முதல் 128 கேபி யூ-பூட், கடைசி 64 கேபி காலிப்ரேஷன், நீங்க அப்டேட் அமுக்கினா அழிச்சு எழுதப்படுறது நடுவுல இருக்குறது. கரண்ட் போனப்போ பாதியில நின்னதும் அந்த நடுப்பகுதிதான். பவர் குடுத்ததும் யூ-பூட் வழக்கம்போல எழுந்திரிக்குது, கெர்னலை தேடுது, கணக்கு ஒத்துவரல, அங்கேயே நிக்குது இல்லன்னா திரும்பத் திரும்ப ரீபூட் ஆகுது. வெளிய இருந்து பார்க்குற நமக்கு செத்த மாதிரி தெரியும்.

அதனால ரவுட்டர் உயிரோட இருக்கானு கேக்காதீங்க, பூட்லோடர் உயிரோட இருக்கானு கேளுங்க. இருந்துச்சுன்னா லேன் கேபிளும் ஒரு கம்ப்யூட்டரும் போதும். இல்லன்னாதான் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கணும்.

சரி, உடனே என்ன பண்ணணும்?

கையை கட்டிக்கிட்டு பத்து நிமிஷம் விடுங்க, நெஜமாத்தான். வெப் பேஜ்ல பார் ஓடி முடிஞ்ச பிறகும் உள்ள எழுதிட்டு இருக்கலாம், ஓப்பன்டபிள்யூஆர்டி முதல் தடவை பூட் ஆகுறப்போ செட்டிங்ஸ் பகுதியை ஃபார்மட் பண்ணவும் நேரம் எடுக்கும், 16 எம்பி ஃப்ளாஷ்னா இன்னும் கூட. அந்த நேரத்துல பதறிப்போய் ப்ளக்கை புடுங்கி, நல்லா இருந்ததை நிஜமாவே ப்ரிக் (செங்கல் மாதிரி செத்த பெட்டி) ஆக்கினவங்க நிறைய பேர். ஃப்ளாஷ் ஃபெயில் ஆனதை விட அதுக்கப்புறம் பயத்துல பண்ற வேலையிலதான் ரவுட்டர் சாகுது, கண்ட ஃபைலை ஏத்துறது, மாடல் கிட்டத்தட்ட ஒண்ணுதானேனு பக்கத்து வெர்ஷன் ஃபைலை போடுறது, வீடியோல ஒருத்தர் அடிச்சாருனு அதே கமாண்டை இங்க அடிக்கிறது, இப்படி.

அப்புறம் அடாப்டரை பாருங்க. பழைய 841என்க்கு 9 வோல்ட் 0.6 ஆம்பியர், சி7 வி2-க்கு 12 வோல்ட் 2.5 ஆம்பியர். வருஷக்கணக்கா ஓடின அடாப்டர் லோடு இல்லாதப்போ மல்டிமீட்டர்ல 12 காட்டும், ரவுட்டர் வைஃபை ஆன் பண்ற நொடியில படுத்துடும், ரீபூட் ஆகும், பார்க்க அச்சு அசல் ப்ரிக் மாதிரியே இருக்கும். அதே வோல்ட்டேஜ், அதே பின், ஆம்பியர் சமமா இல்ல கூட இருக்குற இன்னொரு அடாப்டர் போட்டுப் பார்க்காம மேல போகாதீங்க.

பூட்லோடர் உயிரோட இருக்குனு எப்படி தெரிஞ்சுக்கிறது?

மூணு அடையாளம் இருக்கு.

லைட். பவர் குடுத்ததும் எல்லா லைட்டும் ஒரு தடவை எரிஞ்சு அணைஞ்சா, இல்ல ஒரு சில நொடிக்கு ஒருமுறை அதே மாதிரி திரும்பத் திரும்ப நடந்தா, யாரோ உள்ள இருந்து லைட்டை இயக்குறாங்க, அதுதான் பூட்லோடர். ஆடாம அசையாம பவர் லைட் மட்டும் நின்னா சந்தேகம்தான், ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

பிங், அதாவது இருக்கியானு கேட்டு பதில் வருதானு பார்க்குற கமாண்ட். கம்ப்யூட்டருக்கு கையால ஐபி குடுத்து (ரவுட்டர் 192.168.1.1-னா நீங்க 192.168.1.10, மாஸ்க் 255.255.255.0), நிக்காம ஓடுற மாதிரி பிங் போட்டுட்டு ரவுட்டரை ஆன் பண்ணுங்க. சிஎஃப்இ இருக்குற பெட்டின்னா ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு பதில் வரும், அதுல டிடிஎல்னு ஒரு நம்பர் இருக்கும், அது 100-னு இருந்தா பேசுறது பூட்லோடர், 64-னா லினக்ஸ் கெர்னலே எழுந்துடுச்சுனு அர்த்தம். டிபி-லிங்க் யூ-பூட் சும்மா இருக்குறப்போ பிங்குக்கு பதில் சொல்லாது, அதனால அதுல பதில் வரலைனு மனசு உடைய வேண்டாம்.

மூணாவதுதான் எனக்கு புடிச்சது, வயர்ஷார்க், கேபிள்ல போற வர்ற டேட்டாவை காட்டுற ப்ரோக்ராம். லேன் போர்ட்டை கேப்சர் பண்ண விட்டுட்டு, ரீசெட் பட்டனை அமுக்கிக்கிட்டே ரவுட்டரை ஆன் பண்ணுங்க. சி7-ல யூ-பூட் நல்லா இருந்தா ஒரு ஏஆர்பி வரி (இந்த ஐபி யார்கிட்டனு கேக்குற கேள்வி) வந்து நிக்கும்: 192.168.0.66 யாரு, 192.168.0.86-கிட்ட சொல்லு. அந்த ஒரு வரி வந்துடுச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது, ரவுட்டர் தனக்கு என்ன வேணும்னு தானே கேக்குது, நீங்க குடுத்தா போதும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டேன், லைட்டெல்லாம் நார்மல், ஆனா உள்ள போக முடியல. இதுவும் ப்ரிக்தானா?

இது சாஃப்ட் ப்ரிக்னு சொல்றது, ரொம்ப சாதாரணம். பழைய செட்டிங்ஸை வச்சுக்கிட்டே பெரிய அப்கிரேட் பண்ணா இப்படி ஆகும். குறிப்பா இந்த வகை சிப்புக்கான ஓப்பன்டபிள்யூஆர்டி, ஏஆர்71எக்ஸ்எக்ஸ்ங்குற பழைய பில்டுல இருந்து ஏடிஎச்79-ங்குற புதுசுக்கு மாறினப்போ லேன் போர்ட், வைஃபை ரேடியோ பேரெல்லாம் மாறிப்போச்சு, பழைய கான்ஃபிக் புது சிஸ்டத்துல உக்காரவே இல்ல. விலான் (போர்ட்டுகளை தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது) செட்டிங்ல கை வச்சு தன்னையே வெளிய பூட்டிக்கிறதும் இந்த ரகம்தான்.

இதுக்கு ஃபெயில்சேஃப் மோடு (உங்க செட்டிங்ஸை எடுக்காம எழுந்திரிக்கிற அவசர நிலை) போதும். கம்ப்யூட்டருக்கு 192.168.1.2 குடுங்க, லேன் போர்ட்ல கேபிள் சொருகுங்க, ரவுட்டரை ஆன் பண்ணி லைட் மினுக்க ஆரம்பிச்சதும் ரீசெட் பட்டனை தட்டுங்க. மினுக்கல் வேகமாகும், அதுதான் உள்ள வந்துட்டோம்னு சிக்னல். முன்னாடியே அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஆன் பண்ணாதீங்க, அது பூட்லோடர் ரெகவரிக்கு போயிடும். அப்புறம் 192.168.1.1-க்கு ரூட் யூசரா எஸ்எஸ்எச் (கமாண்ட் அடிக்க உள்ள நுழையுற வழி), பாஸ்வேர்ட் கேக்காது, ரொம்ப பழைய வெர்ஷன்னா டெல்நெட். எஸ்எஸ்எச் கீ மாறிடுச்சுனு கத்தும், கம்ப்யூட்டர்ல இருக்குற பழைய கீயை அழிச்சா போதும். உள்ள போனதும் மவுண்ட்_ரூட் கமாண்ட் அடிச்சா செட்டிங்ஸ் பகுதி எழுதுற மாதிரி திறக்கும், தப்பான வரியை திருத்தலாம். எது தப்புனே தெரியலைன்னா ஃபர்ஸ்ட்பூட் அடிச்சு ரீபூட், எல்லாம் புதுசா வந்துடும்.

டிபி-லிங்க்ல டிஎஃப்டிபி ரெகவரி எப்படி பண்றது?

இதுதான் முக்கால்வாசி பேருக்கு தேவைப்படுறது, அதனால கொஞ்சம் விரிவா. டிஎஃப்டிபினா லேன்ல ஃபைல் அனுப்புற ரொம்ப எளிய முறை.

ரவுட்டர் பழுதான நிலையில தானே ஒரு குட்டி கிளையண்டா மாறி, லேன்ல ஒரு குறிப்பிட்ட ஐபில இருக்குற கம்ப்யூட்டர்கிட்ட குறிப்பிட்ட பேர்ல ஒரு ஃபைல் கேக்கும். நீங்க அந்த ஐபில உக்காந்து அந்த பேர்ல ஃபைலை வச்சுக்கிட்டு சர்வரா காத்திருக்கணும். சி7 வி2-க்கு கம்ப்யூட்டர் ஐபி 192.168.0.66. ஃபைல் பேர் ஆர்ச்சர்சி7வி2_டிபி_ரெகவரி.பின், இதை இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும், ஆர்ச்சரோட முதல் எழுத்தும் சி7-ல வர்ற சி-யும் பெருசு, மத்ததெல்லாம் சின்ன எழுத்து, நடுவுல ஸ்பேஸ் கிடையாது. வி4, வி5-க்கு அந்த வெர்ஷன் நம்பர் மட்டும் மாறும். 841என் வி8, வி9-க்கும் அதே 66-தான், பேர் டபிள்யூஆர்841என்வி8_டிபி_ரெகவரி.பின் இந்த மாதிரி, முழுக்க சின்ன எழுத்து. 841என் வி13 வேற சிப்செட், மீடியாடெக், அது கேக்குற ஐபி 192.168.0.225, ஃபைல் பேர் வெறும் டிபி_ரெகவரி.பின்.

விண்டோஸ்ல டிஎஃப்டிபிடி64, லினக்ஸ்ல டிஎன்எஸ்மாஸ்க், எது இருந்தாலும் சரி. வைஃபையை ஆஃப் பண்ணுங்க. ஃபயர்வாலை கொஞ்ச நேரம் நிறுத்துங்க, யூடிபி 69 போர்ட் அடைபட்டா ரவுட்டர் கேக்குறது உங்க காதுல விழாது. கேபிள் லேன் போர்ட்ல, வான் போர்ட்ல இல்ல. ரவுட்டர் ஆஃப்ல இருக்கணும். ரீசெட் பட்டனை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ஆன் பண்ணுங்க, சி7-ல டபிள்யூபிஎஸ் லைட் எரியுற வரைக்கும் விடாதீங்க. டிஎஃப்டிபிடி விண்டோல பார் ஓடும், சில நொடில முடிஞ்சுடும். அது ஃபைல் ரவுட்டரோட ராமுக்கு போய் சேர்ந்ததுக்கு அடையாளம், அவ்ளோதான். ஃப்ளாஷ்ல எழுதுறது அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது, அப்போ திரையில எதுவும் தெரியாது. பார் முடிஞ்சுதேனு ஆஃப் பண்ணினா ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுவீங்க. தானா ரீபூட் ஆகுற வரைக்கும் விடுங்க.

எல்லாம் பண்ணிட்டேன், ரவுட்டர் ஃபைலையே கேக்க மாட்டேங்குது.

முதல் சந்தேகம், உங்க கம்ப்யூட்டரோட லேன் போர்ட் மேல. ரவுட்டர் ஆஃப்ல இருக்குறப்போ லிங்க் இல்ல, ஆன் ஆனதும் லிங்க் வந்து விண்டோஸ் தயார் ஆகுறதுக்குள்ள சில நொடி போயிடும், யூ-பூட் அதுக்குள்ள கேட்டுப் பார்த்துட்டு போய்க்கிட்டே இருக்கும். சர்வர் ப்ரோக்ராமும் லிங்க் போனதும் அந்த ஐபியை விட்டுடும். மருந்து ரொம்ப சிம்பிள், நடுவுல ஒரு சாதாரண ஸ்விட்ச் போடுங்க, அஞ்சு போர்ட் ஸ்விட்ச், இல்ல உருப்படியா இருக்குற இன்னொரு ரவுட்டரோட லேன் போர்ட் ரெண்டு (அதோட டிஎச்சிபியை, அதாவது தானா ஐபி குடுக்குறதை, ஆஃப் பண்ணிட்டு). அப்போ கம்ப்யூட்டருக்கு லிங்க் எப்பவுமே இருக்கும். நாள் முழுக்க முட்டி மோதினவங்களுக்கு இந்த ஒரு மாத்தம்லயே வேலை முடிஞ்சிருக்கு.

அடுத்து ஃபைல் பேர். விண்டோஸ் ஃபைலோட வால் பகுதியை மறைச்சு வைக்கும், நீங்க பேர் மாத்துறப்போ கடைசியில .பின்.பின்னு ரெண்டு தடவை ஆகியிருக்கும். டிஎஃப்டிபிடி64-ல லாக் பாருங்க, ரவுட்டர் என்ன பேர் கேட்டுச்சுனு அப்படியே இருக்கும், அதை எழுத்துக்கு எழுத்து காப்பி பண்ணுங்க.

மூணாவது, ரீசெட்டும் வைஃபை ஆன்-ஆஃப் பட்டனும் வேற வேறயா இருக்குற மாடல்ல தப்பான பட்டனை அமுக்குறது. சிரிக்காதீங்க, நடக்குது.

எந்த ஃபைலை போடணும்? ஃபேக்டரினு ஒண்ணு, சிஸ்அப்கிரேடுனு ஒண்ணு, கம்பெனி ஃபைல்ல பூட்னு வேற இருக்கு.

ஃபேக்டரி ஃபைல், கம்பெனி ஃபர்ம்வேர்ல இருந்தும் டிஎஃப்டிபி ரெகவரிலயும் போடுறது. சிஸ்அப்கிரேடு, ஏற்கனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடுற ரவுட்டருக்குள்ள இருந்து போடுறது. மாத்திப் போடாதீங்க.

ஆபத்தானது அந்த பூட் சமாச்சாரம். டிபி-லிங்க் தர்ற சில ஃபைல் பேர்ல பூட்னு வரும், அதுக்குள்ள யூ-பூட்டும் சேர்த்தே இருக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டில இருந்து பழைய ஃபர்ம்வேருக்கு திரும்புறவங்க அதை அப்படியே எழுதினா, கெர்னல் இருக்க வேண்டிய எடத்துல யூ-பூட் போய் உக்காரும், கெர்னல் அந்த அளவுக்கு தள்ளிப்போகும், பூட் ஆகாது. முன்னாடி இருக்குற 512 பைட் தலைப்பும் 128 கேபி யூ-பூட்டும் சேர்த்து 1,31,584 பைட்டை வெட்டி எடுத்துட்டுத்தான் போடணும், லினக்ஸ்ல டிடி கமாண்ட்ல பிளாக் சைஸ் 512, ஸ்கிப் 257 குடுத்தா சரியா அந்த அளவு வெட்டும். இந்த கணக்கெல்லாம் வேண்டாம்னா டிஎஃப்டிபில முதல்ல ஓப்பன்டபிள்யூஆர்டி ஃபேக்டரியை போட்டு எழுப்பிடுங்க, கம்பெனி ஃபர்ம்வேருக்கு போறதை நிதானமா அப்புறம் பார்த்துக்கலாம்.

ஹார்ட்வேர் வெர்ஷனை ரவுட்டரோட அடிப்பக்க ஸ்டிக்கர்ல மட்டும் பாருங்க, டப்பால இல்ல. 841என்னு ஒரே பேர்ல வெளிவந்த வெர்ஷன் ஒரு டஜனுக்கு மேல, உள்ள சிப்பே வேற வேற. டவுன்லோட் ஆனதும் எஸ்எச்ஏ256 (ஃபைல் சிதையாம வந்துச்சானு காட்டுற கணக்கு) செக் பண்ணுங்க, விண்டோஸ்ல செர்ட்யூட்டில் இருக்கு, ஒரு நிமிஷ வேலை.

சி7-ல 18005-னு எரர் வந்து ஃபைலையே ஏத்துக்க மாட்டேங்குது.

அது ப்ரிக் இல்ல, ரீஜன் பூட்டு. அமெரிக்காவுக்குனு வந்த பெட்டிக்கு ஐரோப்பா ஃபைலை போட்டா இந்த நம்பரை காட்டும். சி7 வி2-க்கு ஓப்பன்டபிள்யூஆர்டிலயே யூஎஸ், ஈயூனு தனித்தனி ஃபேக்டரி ஃபைல் இருக்கு, உங்களுக்கு உண்டானதை எடுங்க. இந்த பூட்டுக்கு பின்னாடி அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியோட வைஃபை பவர் விதிகள் இருந்துச்சு. 2016 ஆகஸ்ட்ல டிபி-லிங்க் 2 லட்சம் டாலர் கட்டி எஃப்சிசியோட சமரசம் பண்ணப்போ, வெளி ஃபர்ம்வேர் ஏத்துறதுக்கு வழி செய்ய முயற்சி எடுக்கிறோம்னும் ஒத்துக்கிட்டாங்க. அபராதத்தோட நமக்கு சாதகமா ஒரு ஷரத்து வந்தது அபூர்வம்.

என்னோடது டிபி-லிங்க் இல்ல ப்ரோ.

ஒவ்வொண்ணா சொல்றேன். ஏசுஸ்: ரீசெட் அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணா பவர் லைட் மெதுவா மினுக்கும், அதான் ரெஸ்க்யூ மோடு, கம்பெனியோட ஃபர்ம்வேர் ரெஸ்டொரேஷன் ப்ரோக்ராம் இருக்கு. நெட்கியர்: என்எம்ஆர்பிஃப்ளாஷ்னு ஒரு இலவச டூல், ரவுட்டர் ஆன் ஆகுற நொடியில அதை புடிச்சுக்கும், நிறைய மாடலுக்கு வேலை செய்யுது, இந்த லிஸ்ட்லயே வலி கம்மியானது இதான்னு நினைக்கிறேன். ஜிஎல்-ஐநெட்: ரீசெட் அமுக்கி ஆன் பண்ணி லைட் அஞ்சு தடவை மினுக்கினதும் விடுங்க, கம்ப்யூட்டர் 192.168.1.2, பிரவுசர்ல 192.168.1.1 போனா அப்லோட் பேஜே வரும். டி-லிங்க்ல சில மாடல்லயும் இப்படி அவசர வெப் பேஜ் உண்டு. லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி1900 வரிசைல ஃபர்ம்வேர் ரெண்டு காப்பி இருக்கும், ஆன் பண்ணி பூட் முடியுறதுக்குள்ள ஆஃப், இப்படி மூணு தடவை பண்ணா அடுத்த காப்பிக்கு தாவும். மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டால். ஷியாமில டிஎச்சிபியும் டிஎஃப்டிபியும் ரெண்டுமே உங்க கம்ப்யூட்டர் குடுக்கணும், கம்பெனியோட ரிப்பேர் டூல் அதை சேர்த்தே பண்ணுது.

30-30-30 ரீசெட் பண்ண சொல்றாங்களே?

முப்பது நொடி அமுக்கி, அமுக்கினபடியே முப்பது நொடி பவர் எடுத்து, திரும்ப பவர் குடுத்து முப்பது நொடி. இது டிடி-டபிள்யூஆர்டி (இன்னொரு இலவச ஃபர்ம்வேர்) காலத்து பழைய பிராட்காம் ரவுட்டர்ல என்விராமை, அதாவது செட்டிங்ஸ் இருக்குற மெமரியை, அழிக்க வந்த வித்தை. ஏஆர்எம் ப்ராசஸர் இருக்குற பெட்டில பண்ணக்கூடாதுனு டிடி-டபிள்யூஆர்டிகாரங்களே எச்சரிக்கிறாங்க. பாதி அழிஞ்ச ஃபர்ம்வேரை எந்த ரீசெட்டும் கொண்டு வராது. விடுங்க.

டிஎஃப்டிபி எதுவுமே எடுபடல. சீரியல் கனெக்ஷன் கஷ்டமா?

கஷ்டம் இல்ல, பொறுமை வேணும். சீரியல்னா போர்டுல நேரா வயர் வச்சு பூட்லோடரோட எழுத்துல பேசுறது. யூஎஸ்பி டு டிடிஎல் பலகை (பிங்ல வந்த டிடிஎல் வேற) ஒண்ணு, சிபி2102 இல்ல சிஎச்340 சிப் வச்சது, சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த காம்பொனன்ட் கடையிலயும் கிடைக்கும். 3.3 வோல்ட் மோடுல இருக்கணும், பலகைல ஜம்பர் இருந்தா அதை முதல்ல பாருங்க, 5 வோல்ட் குடுத்தா ப்ராசஸரே போயிடும். மூணு வயர் மட்டும்: கிரவுண்டுக்கு கிரவுண்டு, டிஎக்ஸ் (அனுப்புறது) ஆர்எக்ஸுக்கு (வாங்குறது), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு. விசிசியை (பவர் கால்) தொடவே தொடாதீங்க, ரவுட்டருக்கு அதோட அடாப்டரே பவர் குடுக்கட்டும். போர்டுல வரிசையா நாலு துளை இருக்கும், கிரவுண்ட் எதுனு மல்டிமீட்டர்ல பீப் வச்சு பாருங்க, பூட் ஆகுறப்போ 3.3 கிட்ட நின்னு துள்ளுறது டிஎக்ஸ். சில போர்டுல அந்த பாதையில ஒரு ரெசிஸ்டரை போடாம விட்டிருப்பாங்க, அங்க சால்டர் வச்சு சேர்த்தாதான் எழுத்தே வரும்.

ஸ்பீடு 115200, 8என்1. ஆன் பண்ணதும் யூ-பூட் வரிகள் ஓடும், ஆட்டோபூட்டிங் இன் 1 செகண்ட்ஸ்னு வர்ற நேரத்துல டி, பி, எல்னு மூணு சின்ன இங்கிலீஷ் எழுத்தை அடிக்கணும். ஒரு நொடிதான், முன்னாடியே காப்பி பண்ணி வச்சுக்கிட்டு பேஸ்ட் பண்ணுங்க. ப்ராம்ப்ட் வந்துடுச்சுன்னா ரவுட்டர், கம்ப்யூட்டர் ஐபி ரெண்டையும் செட் பண்ணி, டிஎஃப்டிபில ஃபைலை ராமுக்கு இழுக்கணும், ராம் அட்ரஸ் 81000000. 4 எம்பி 841என்க்கு ஓப்பன்டபிள்யூஆர்டி ஃபேக்டரி ஃபைல்னா 39,32,160 பைட் வந்துச்சுனு காட்டும், ஹெக்ஸ்ல 3சி0000. அந்த வரியை கண்ணால பார்க்காம அடுத்த ஸ்டெப் போகாதீங்க, ஃபைல் வராமலே காப்பி கமாண்ட் அடிச்சா ராம்ல கிடக்குற குப்பைதான் ஃப்ளாஷ்ல ஏறும். அப்புறம் 9எஃப்020000-ல இருந்து 3சி0000 நீளத்துக்கு அழிக்கணும், அதே எடத்துல அதே நீளத்துக்கு காப்பி பண்ணணும், பூட் குடுக்கணும்.

அந்த அட்ரஸ்ல நடுவுல ஒரு 2 இருக்கே, அதை மூணு தடவை பாருங்க. 9எஃப்000000-னு அடிச்சுட்டீங்கன்னா அழியுறது யூ-பூட், அதோட உள்ளேயே இருக்குற மேக் அட்ரஸும் (ரவுட்டரோட நெட்வொர்க் அடையாள நம்பர்) போகும். சேவ்என்வி கமாண்டும் அடிக்காதீங்க, இந்த வேலைக்கு அதுக்கு தேவையே இல்ல. 8 எம்பி, 16 எம்பி பெட்டிக்கு நீளம் வேற, இந்த நம்பரை அப்படியே தூக்கிட்டு போகாதீங்க.

யூ-பூட்டே போச்சு. சீரியல்ல ஒரு எழுத்து கூட வரல.

முதல்ல டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் மாத்திப் பாருங்க, யூ-பூட் போச்சுனு முடிவு கட்டினதுல கணிசமானது வயர் மாறினதுதான்.

அதுவும் இல்லன்னா சிஎச்341ஏ ப்ரோக்ராமர், ஃப்ளாஷ் சிப்பை நேரா படிச்சு எழுதுற பலகை. போர்டுல எட்டு கால் இருக்குற சின்ன சிப்பை தேடுங்க, வின்பாண்ட் 25கியூ32, 25கியூ64, 25கியூ128 இப்படி ஏதாவது போட்டிருக்கும், ஓரத்துல இருக்குற புள்ளிதான் முதல் கால். கருப்பு கலர் சிஎச்341ஏ பலகைல ஒரு பெரிய குறை, சிப்புக்கு பவர் 3.3 குடுத்தாலும் டேட்டா லைன்ல 5 வோல்ட் வருது. அதை சரிபண்ணினது, இல்ல வோல்ட்டேஜ் மாத்திக்கிற புது பலகை வாங்குறது நல்லது. கிளிப் மாட்டி போர்டுலயே படிக்க பார்த்தா, அந்த பவர்ல ப்ராசஸரும் அரைத்தூக்கத்துல எழுந்து ஃப்ளாஷோட பேச ஆரம்பிக்கும், படிக்கிறது குழம்பும். ரெண்டு தடவை படிச்சு ரெண்டு ஃபைலும் ஒண்ணா இருந்தாதான் நம்பணும், இல்லன்னா சிப்பை கழட்டித்தான் ஆகணும், அதுக்கு ஹாட் ஏர் பழக்கம் உள்ள மொபைல் சர்வீஸ் கடைக்காரர் அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தருவார்.

எழுதுறதுக்கு முன்னாடி, படிச்ச அந்த ஃபைலை பத்திரப்படுத்துங்க. அதோட கடைசி 64 கேபி உங்க பெட்டிக்கு மட்டுமே சொந்தமானது. பழைய 841என்க்கு யூ-பூட் வேணும்னா மேல சொன்ன பூட்னு பேர் வர்ற கம்பெனி ஃபைல்ல முதல் 512 பைட்டுக்கு அப்புறம் வர்ற 128 கேபிதான் அது. யூ-பூட், ஃபர்ம்வேர், பழைய காலிப்ரேஷன் மூணையும் அததுக்குரிய எடத்துல வச்சு முழு சைஸ் ஃபைலா ஒட்டி எழுதணும், மேக் அட்ரஸ் 1எஃப்சி00-ங்குற எடத்துல, ஸ்டிக்கரை பார்த்து திருத்திக்கலாம்.

நேண்ட் ஃப்ளாஷ் உள்ள பெரிய ரவுட்டர்னா இது இவ்ளோ சுலபம் இல்ல, ஈசிசி (பிழை திருத்தம்), பேட் பிளாக் (கெட்டுப்போன பகுதி) இப்படி தனி தலைவலி. அதுக்கு நான் ஆள் இல்ல.

ரவுட்டர் எழுந்துடுச்சு, ஆனா வைஃபை ரேஞ்ச் ஒரு ரூமைக் கூட தாண்டல.

காலிப்ரேஷன் போயிருக்கும். ஏஆர்டினு பேர், ஒவ்வொரு பெட்டியோட ரேடியோவையும் ஃபேக்டரில அளந்து எழுதின நம்பர்கள். இன்னொரு ரவுட்டர்ல இருந்து காப்பி அடிச்சா வைஃபை வரும், ஆனா அளவு அந்த போர்டுக்கு உண்டானது, பவரும் தரமும் சரியா இருக்காது. வேற வழி இல்லன்னா வைஃபையை அணைச்சுட்டு வயர்ல மட்டும் ஓட்டுங்க.

அண்ணா, நெட் கம்பெனிகாரன் குடுத்த ஃபைபர் பெட்டில இதெல்லாம் பண்ணலாமா?

வேண்டாம்பா. அது பெரும்பாலும் அவங்க சொத்து, அதுவும் இல்லாம அதுக்குள்ள இருக்குற ஜிபான் (ஃபைபர் லைன்) சீரியல் நம்பரை வச்சுத்தான் அந்தப் பக்கம் ஓஎல்டி (நெட் கம்பெனி பக்கத்து பெட்டி) உங்களை அடையாளம் கண்டுக்குது. அது அழிஞ்சா பெட்டி பூட் ஆனாலும் லைன் வராது. அப்டேட்ல செத்துச்சுன்னா கம்ப்ளைண்ட் போட்டு மாத்திக்கோ, உனக்கு விளையாட அதுக்குப் பின்னாடி ஒரு தனி ரவுட்டர் வச்சுக்கோ.

இவ்ளோ கஷ்டப்பட்டு பழைய 841என்னை காப்பாத்துறது வொர்த்தா?

நெட் ஓட்டுறதுக்குன்னா இல்ல. 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ராம், ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07-தான் இதுக்கு கடைசி, அதுக்கும் 2022-லயே சப்போர்ட் முடிஞ்சுது, செக்யூரிட்டி அப்டேட் வராது. கத்துக்கிறதுக்குன்னா இதை விட நல்ல பெட்டி இல்ல, போனா போகட்டும்னு கை வைக்கலாம். சி7-ஐ கண்டிப்பா காப்பாத்துங்க, 16 எம்பி ஃப்ளாஷ், 128 எம்பி ராம், இன்னும் நல்லா உழைக்கும்.

எழுந்ததும் முதல்ல என்ன பேக்கப் எடுக்கணும்?

செட்டிங்ஸ் பேக்கப் இல்ல, அது திரும்ப டைப் பண்ணிக்கலாம். லூசி (ஓப்பன்டபிள்யூஆர்டியோட வெப் பேஜ்) மெனுல பேக்கப், ஃப்ளாஷ் ஃபர்ம்வேர் பேஜ்ல கீழ எம்டிடி பிளாக்கை, அதாவது ஃப்ளாஷோட ஒவ்வொரு பகுதியை, சேவ் பண்ற வசதி இருக்கு. அதுல யூ-பூட்டையும் ஏஆர்டியையும் தனித்தனியா எடுத்து, ஃபைல் பேர்ல மாடல், வெர்ஷன், மேக்கோட கடைசி நாலு எழுத்து போட்டு வைங்க, வீட்டுல ரெண்டு மூணு ரவுட்டர் இருந்தா எது எதோடதுனு அப்புறம் தெரியாது. ரவுட்டர்ல குத்தியிருக்குற பென்டிரைவ்லயே வைக்காம வேற எங்கயாவது வைங்க, ஏஆர்டி வெறும் 64 கேபிதான், வாட்ஸ்அப்ல டாக்குமெண்டா உங்களுக்கே அனுப்பிக்கிட்டாலும் சரி.